ரெண்டாவது சாவி யாரிடம்?

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் பானெட்டைத் திறந்து பார்ப்பார்கள், டயரை உதைத்துப் பார்ப்பார்கள், ஓடோமீட்டர் காட்டும் கிலோமீட்டரைச் சந்தேகப்படுவார்கள். சாவியை மட்டும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஷோரூமிலிருந்து புதுக் கார் வரும்போது பொதுவாக இரண்டு சாவியோடுதான் வருகிறது. முதல் ஓனர், ரெண்டாவது ஓனர் என்று கை மாறும்போது எங்கோ ஓரிடத்தில் அது ஒன்றாகிவிடுகிறது. மற்றது எங்கே என்று கேட்டால் புரோக்கர்கள் எல்லோரும் பேசிவைத்துக்கொண்ட மாதிரி ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: “அது தொலைஞ்சு போச்சு மேடம். ஒண்ணும் பெரிய விஷயமில்ல, டூப்ளிகேட் போட்டுக்கலாம்.”

நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள். பல்லாவரத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை. பெரிய விஷயமில்லை என்று யாராவது சொன்னால், அதற்கு எவ்வளவு ஆகும் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றும். மாமியாரை டயாலிசிஸுக்கு அழைத்துப் போக ஆட்டோவுக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாமல் 2013 மாடல் ஸ்விஃப்ட் ஒன்றைப் பேசி முடித்தபோது, ஒரு சாவிதான் கைக்கு வந்தது. “பெரிய விஷயமில்லன்னா அந்தக் காசை நீங்களே குறைச்சுக்கோங்க சார்” என்றேன். கொஞ்சம் முனகிவிட்டுப் புரோக்கர் ஐயாயிரம் குறைத்தார். பழைய கார் வாங்கும் எல்லோரும் இதைச் செய்யலாம். பேரம் பேசும்போது டயருக்கும் பேட்டரிக்கும் காசு குறைக்கிறோம். சாவிக்கும் குறைக்கச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

காசைவிட முக்கியமான ஒரு வேலையும் அன்றே முடிந்தது. டெலிவரி நோட்டில், வண்டி எண், தேதி, நேரம் எழுதுகிற இடத்துக்குக் கீழே, “ஒரு சாவி மட்டும் ஒப்படைக்கப்பட்டது, மற்றொரு சாவி தொலைந்துவிட்டதாக விற்பவர் தெரிவிக்கிறார்” என்று எழுதி, விற்றவரின் கையெழுத்தை வாங்கிக்கொண்டேன். எதற்கு இவ்வளவு என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். கார் திருடு போய் கிளெய்ம் போட்டால், எஃப்.ஐ.ஆர்., ஆர்.சி. இவற்றோடு வண்டியின் எல்லாச் சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்வது இன்சூரன்ஸ் கம்பெனிகளின் வழக்கம். இரண்டு சாவியில் ஒன்றுதான் இருக்கிறது என்றால், மற்றது எங்கே போனது என்ற கேள்வி கிளெய்ம் போடுகிறவர் பக்கம்தான் திரும்பும். பழைய ஓனர் தொலைத்த சாவிக்குப் புது ஓனர் எப்படிப் பதில் சொல்வார்? அந்த ஒரு வரி அதற்குத்தான். தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை; திருட்டுக்கு அதில் ஒரு பைசாவும் வராது.

அதே சூட்டில் படிவம் 29, 30 கொடுத்து ஆர்.சி.யைப் பெயர் மாற்றுங்கள். பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பியுங்கள். சாவி போடப் போகும் இடத்தில் முதலில் கேட்பது ஆர்.சி.யைத்தான். அதில் யாரோ ஒருவர் பெயர் இருந்தால், நல்ல கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார்.

இனி சாவி விஷயம்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டேன். ஆர்.சி., ஆதார் நகல் எடுத்து வாருங்கள், சேசிஸ் நம்பரை வைத்து ஆர்டர் போட வேண்டும், வந்த பிறகு வண்டியைக் கொண்டுவந்து புரோகிராம் செய்ய வேண்டும் என்றார் அட்வைசர். சாவி விலை, லேபர், ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்து 5,500 ரூபாய்க்கு மேல். ஒரு சாவிக்கா என்று வாயைப் பிளக்க வேண்டாம். அந்த விலையில் இரும்புக்குப் பங்கு சொற்பம்.

அம்பாசிடர், பத்மினி காலத்தில் கார் சாவி என்றால் வெட்டிய உலோகத் துண்டு. பிளாட்பாரத்தில் குடை விரித்து உட்கார்ந்திருப்பவர் அரத்தால் ராவியே ஒன்று செய்து கொடுத்துவிடுவார். 1990-களில் கார்த் திருட்டு ஐரோப்பாவைப் படுத்திய பாட்டில் இம்மொபிலைசர் என்ற ஏற்பாடு வந்தது. 1998 அக்டோபரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் புதுக் கார்களுக்கு அது கட்டாயம். நம் ஊர்க் கார்களிலும் பிறகு பரவியது. மாருதிக்காரர்கள் அதற்கு ஐ-கேட்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவில் பார்க்கலாம். அங்கே அது கட்டாயமில்லாததால் இம்மொபிலைசர் இல்லாமல் விற்கப்பட்ட ஹூண்டாய், கியா கார்களை 2021-க்குப் பிறகு பையன்கள் ஒரு யு.எஸ்.பி. முனையை வைத்தே கிளப்பிக்கொண்டு போனார்கள். அதைக் காட்டும் வீடியோக்களும் ஊர் ஊராகப் பரவின.

வேலை செய்யும் விதம் எளிது. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு சிப் இருக்கிறது. இக்னிஷன் துவாரத்தைச் சுற்றி ஒரு செம்புக்கம்பிச் சுருள். சாவியைப் போட்டுத் திருப்பியதும் அந்தச் சுருள் எழுப்பும் காந்தப்புலத்திலிருந்தே சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. அந்தச் சிப்புக்குத் தனியாக செல் கிடையாது. கதவைத் தட்டுகிறவரை “யாரு?” என்று கேட்டு, தெரிந்த குரலாக இருந்தால் மட்டும் தாழ்ப்பாளை விலக்குகிற மாதிரி, வண்டியின் கம்ப்யூட்டர் சிப்பிடம் ஒரு கேள்வி அனுப்புகிறது. பதில் சரியாக இருந்தால்தான் என்ஜின் ஓடும். இல்லையென்றால் மாடலைப் பொறுத்து, ஸ்டார்ட்டர் மட்டும் வெறுமனே சுற்றும், அல்லது என்ஜின் ஒரு நொடி பிடித்து நின்றுவிடும். டேஷ்போர்டில் ஒரு விளக்கு கண் சிமிட்டும்.

கதவைப் பூட்டித் திறக்கும் ரிமோட் பட்டன் வேறு சங்கதி. அது ரேடியோ அலை அனுப்புகிறது, அதற்குப் பட்டன் செல் வேண்டும். ஆக, நாம் சாவி என்று கையில் பிடித்திருப்பது மூன்று பொருள்: கதவையும் ஸ்டீரிங்கையும் திறக்கிற இரும்பு, என்ஜினுக்கு அனுமதி தரும் சிப், சொகுசுக்கான ரிமோட். மூன்றுக்கும் தனித்தனி விலை. சிக்கனமாக ஸ்பேர் சாவி போட நினைப்பவர் முதலில் இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அவசரத்துக்கு வீட்டில் கிடக்கப்போகிற சாவிக்கு ரிமோட் எதற்கு? இரும்பும் சிப்பும் போதும். கதவைக் கையால் திறந்துகொள்ள நமக்குத் தெரியாதா என்ன?

சென்னையில் கார்ச் சாமான் என்றால் அண்ணா சாலைக்குப் பக்கத்தில் ஜி.பி. ரோடு. அங்கே சீட் கவரும் ஸ்டீரியோவும் விற்கும் கடைகளுக்கு நடுவே, ஒரு மேசை, ஒரு கட்டிங் மெஷின், ஒரு லேப்டாப்போடு சாவிக்காரர்கள் இருக்கிறார்கள். நான் போய் நின்ற கடையில் முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு தம்பி. அப்பா திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறையில் இருந்தவராம். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே திண்டுக்கல் பூட்டு. மகன் கையில் அரத்துக்குப் பதில், சிப்பைப் படிக்கும் சீனத்துக் கருவி.

விலை கேட்பதற்குள் அவர் கேட்டார்: “ஆர்.சி. இருக்கா அக்கா? லைசென்ஸும் காட்டுங்க.” இரண்டையும் போனில் படம் எடுத்துக்கொண்டார். அதற்கு முன் இன்னொரு கடையில், எதுவுமே கேட்காமல் “அரை மணி நேரத்துல முடிச்சுடலாம்” என்றார்கள். வந்துவிட்டேன். என்னிடம் கேள்வி கேட்காமல் சாவி போடுகிறவர், என் காரோடு வேறு யாராவது வந்தாலும் கேள்வி கேட்கப் போவதில்லை.

“சாவிய ரெண்டு விதமா போடலாம் அக்கா,” என்றார் தம்பி. “உங்க கையில இருக்கிற சாவியவே அப்படியே காப்பி அடிக்கலாம். இல்லன்னா வண்டிக்குப் புது சாவிய அறிமுகப்படுத்தலாம்.”

“எது கம்மி?”

“காப்பிதான் கம்மி. ஆனா அது உங்களுக்கு வேணாம்.”

“ஏன் தம்பி?”

“இன்னொரு சாவி யார்கிட்ட இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதுல்ல?”

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்தக் கேள்விக்காகத்தான். தொலைந்துபோனது என்று சொல்லப்படும் சாவி உண்மையிலேயே கிணற்றில் விழுந்திருக்கலாம். பழைய ஓனரின் மச்சான் வீட்டு அலமாரியிலும் இருக்கலாம். ஃபைனான்ஸ்காரர்கள் கடன் கொடுக்கும்போது ஒரு சாவியை வாங்கி வைத்துக்கொள்வதும் உண்டு. கடன் அடைந்தபின் அது திரும்பி வந்ததா என்பது யாருக்கும் தெரியாது. அந்தச் சாவியின் சிப் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. வண்டியின் கம்ப்யூட்டருக்கு அது நன்கு தெரிந்த குரல். கார் நம் வாசலில் நின்றாலும் அந்தச் சாவிக்குச் சொந்தக்காரர் இன்னொருவர்.

காப்பி அடிக்கும் முறையில் நம் சாவியின் சிப்பிலிருக்கும் அடையாளத்தைப் படித்து, வெற்றுச் சிப்பில் எழுதிவிடுகிறார்கள். வண்டியைத் தொட வேண்டிய அவசியம்கூடச் சில வகைகளில் இல்லை. சில சிப்புகளுக்குக் கருவியை இக்னிஷன் அருகே வைத்துச் சாவியைத் திருப்பி, சிப்பும் வண்டியும் பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்க வேண்டும். எப்படியானாலும் வண்டிக்கு இரண்டும் ஒரே சாவியாகத்தான் தெரியும். வண்டியின் நினைவில் எதுவும் மாறுவதில்லை. தொலைந்த சாவியும் முன்பு போலவே வேலை செய்யும். இன்னொரு சிக்கல், பின்னால் ஒரு நாள் அசல் சாவியின் அடையாளத்தை அழிக்க நேர்ந்தால் காப்பியும் கூடவே செத்துவிடும்.

இரண்டாவது முறையில் ஸ்டீரிங்குக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி. சாக்கெட்டில் கருவியைச் செருகி, வண்டியின் நினைவில் பதிவாகியிருக்கும் சாவிகளைப் பார்க்கிறார்கள். பல வண்டிகளில் எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்பது திரையிலேயே தெரிகிறது. என் வண்டியில் 2 என்று காட்டியது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, என் பழைய சாவியையும் புதுச் சாவியையும் மட்டும் மறுபடி பதிவு செய்தார் தம்பி. பிறகும் திரையில் 2. ஆனால் இப்போது அந்த இரண்டும் என் கையில் இருந்தன.

இதற்கு ஒரு வரம்பு உண்டு. தொலைந்த சாவியால் என்ஜினைக் கிளப்ப முடியாதே தவிர, அதன் இரும்பு கதவை இன்னும் திறக்கும். கதவுப் பூட்டுகளையும் மாற்றினால்தான் அதற்கு முடிவு. அந்தச் செலவுக்கு நான் போகவில்லை. காருக்குள் திருடிக்கொண்டு போக ஒன்றும் வைப்பதில்லை, அவ்வளவுதான். ரிமோட்டின் பதிவு பல வண்டிகளில் தனியாக இருக்கும். சிப்பை அழித்ததும் ரிமோட்டும் அழிந்துவிடும் என்று நினைக்காமல், பழைய ரிமோட்டையும் நீக்கச் சொல்லிக் கேளுங்கள். புரோகிராம் செய்யும்போது கார் பேட்டரி பலவீனமாக இருந்தால் வேலை பாதியில் நின்று கம்ப்யூட்டரே குழம்பிவிட வாய்ப்பு உண்டு. நல்ல சாவிக்காரர் முதலில் வோல்டேஜைப் பார்ப்பார்.

ஜி.பி. ரோட்டில் என் காருக்குச் சொன்ன விலை இது: வெறும் காப்பி 1,200. ரிமோட் இல்லாத சிப் சாவி, அழித்துப் பதிவு செய்வது உட்பட 1,800. ரிமோட்டோடு மடக்கும் சாவி 3,000. வேறு மாடலுக்கு, வேறு ஊருக்கு இது மாறும். பக்கவாட்டில் பள்ளம் குடையும் ‘லேசர் கட்’ சாவிக்குத் தனி மெஷின் வேண்டும், அதற்குக் கூடுதல். வீட்டுக்கே வந்து போட்டுத் தருகிறவர்கள் வண்டிச் செலவையும் சேர்த்துக் கேட்பார்கள். நான் 1,800-ஐத் தேர்ந்தெடுத்தேன்.

மலிவு தேடி எங்கெல்லாம் போகக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய டெலிபோனிலிருந்து தையல் மெஷின் வரை கிடைக்கும். பழைய கார்ச் சாவிகளும் குவியலில் கண்ணில் படும். புதுப்பேட்டையில் உடைத்த கார்களின் கம்பெனிச் சாவியை மலிவாகத் தருகிறேன் என்பவர்களும் உண்டு. அசல் கம்பெனிச் சாவியாயிற்றே என்று ஆசைப்படாதீர்கள். ஒரு வண்டிக்குப் பதிவான சிப் பல மாடல்களில் அந்த வண்டியோடு பூட்டப்பட்டுவிடும். இன்னொரு வண்டி அதை ஏற்காது. இரும்பும் ஏற்கெனவே வேறு பூட்டுக்கு வெட்டியது. மிஞ்சுவது பிளாஸ்டிக் கூடு மட்டும்தான்.

கூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாவித் தலை உடைந்தவர்கள் இருநூறு, முந்நூறுக்கு வெளியில் ஒரு மடக்கும் சாவிக் கூடு வாங்கி, ரிமோட் போர்டை எடுத்து அதில் வைத்துவிட்டுப் பழைய கூட்டைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். பல மாடல்களில் சிப் அந்த போர்டில் இருப்பதில்லை. கூட்டின் ஒரு மூலையில் கறுப்பாக, பிளாஸ்டிக் துணுக்கு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். கதவு பட்டனுக்குத் திறக்கும், வண்டி கிளம்பாது. அப்புறம் குப்பைத் தொட்டியைக் கிளற வேண்டியதுதான்.

புதுச் சாவி கைக்கு வந்ததும் கடை வாசலிலேயே சோதித்துப் பாருங்கள். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பழைய சாவியைக் கூட வந்தவரிடம் கொடுத்து, வண்டியை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே வளையத்தில் மாட்டிக்கொண்டு சோதித்தால், இக்னிஷன் சுருள் பக்கத்தில் தொங்கும் பழைய சிப்பைப் படித்துவிட்டு வண்டியைக் கிளப்பிவிடக்கூடும். புதுச் சாவி வேலை செய்கிறது என்று நம்பி வீட்டுக்கு வந்து, தேவைப்படும் நாளில் திண்டாட வேண்டியிருக்கும். டிரைவர் கதவு, டிக்கி, ஸ்டீரிங் லாக் எல்லாவற்றையும் திறந்து பாருங்கள். ஒருமுறை ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அணைத்து, திரும்பவும் ஸ்டார்ட் செய்யுங்கள். சாவி துவாரத்தில் உரசினால் விசை கொடுத்துத் திருப்பாமல் உடனே திருப்பிக் கொடுங்கள். தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டிய சாவியில் அந்தத் தேய்மானமும் சேர்ந்தே வரும். புதுக் காரோடு வரும் சாவி நம்பர் பொறித்த சின்னத் தகடு பழைய ஓனரிடம் கிடைத்தால் விடாதீர்கள். அந்த நம்பரை வைத்துத் தேயாத அளவில் வெட்டலாம்.

பட்டன் அழுத்தி ஸ்டார்ட் செய்யும் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கனம் அவ்வளவாகக் கைகொடுக்காது. அந்த ஸ்மார்ட் சாவியில் ரிமோட்டை விலக்கிவிட்டு மலிவாக ஒன்று போட வழியில்லை. அவர்கள் சர்வீஸ் சென்டரிலும் வெளியிலும் விலை கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் வேண்டும். ஒன்று மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: அதன் செல் தீர்ந்தால் சாவியே போய்விட்டது என்று பதற வேண்டாம். உள்ளே ஒரு இரும்புச் சாவி ஒளிந்திருக்கும், அது கதவைத் திறக்கும். சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் பல கார்கள் கிளம்பிவிடும்.

இவ்வளவு மெனக்கெடலும் கையில் ஒரு சாவி வேலை செய்கிற வரைக்கும்தான். அந்த ஒன்றும் தொலைந்துவிட்டால் கணக்கே மாறுகிறது. வண்டியை இழுத்துக்கொண்டு போக வேண்டும், சில மாடல்களில் கம்ப்யூட்டரைக் கழற்றி உள்ளிருப்பதைப் படிக்க வேண்டும், சர்வீஸ் சென்டரில் பூட்டு செட்டையே மாற்றச் சொல்வதும் உண்டு. ஆயிரங்களில் முடிகிற வேலை பல்லாயிரத்துக்குப் போகும். சாவி தொலைந்தால் ஈடு தரும் கூடுதல் கவர் இன்சூரன்ஸில் இருக்கிறது. தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் அதை எடுக்க முடியாது. அந்த ஈட்டைக் கேட்டு வாங்கப் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீதோ எஃப்.ஐ.ஆரோ வைத்திருப்பது நல்லது.

என் ஸ்பேர் சாவி மாமியாரின் பீரோவில் இருக்கிறது, காரின் டேஷ்போர்டு அறையில் இல்லை. புரோக்கர் குறைத்த ஐயாயிரத்தில் சாவிக்கு 1,800 போக மிச்சம் 3,200. அதில் பாலிசியைப் பெயர் மாற்றிக்கொண்டேன்.

பழைய கார் வைத்திருக்கிறீர்களா? உங்களிடம் எத்தனை சாவி, வண்டியின் நினைவில் எத்தனை சாவி என்ற இரண்டு எண்களையும் இந்த வாரமே தெரிந்துகொள்ளுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால், காப்பி அடித்துத் தருகிறேன் என்பவரிடம் போகாமல், ஆர்.சி. கேட்பவரிடம் போய் அழித்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.